கோடு கிழித்தார்கள், பங்கு பிரிக்கவில்லை: கோடியக்கரைக்குத் தெற்கே கடல் ஒப்பந்தங்களின் கணக்கு

காவிரி டெல்டாவுக்குப் பங்கீட்டுச் சண்டை புதிதல்ல. மேற்கே ஆறு, கிழக்கிலும் தெற்கிலும் கடல். இரண்டுமே ஒப்பந்தக் காகிதத்தில் மாட்டிக்கொண்டவை. ஆற்றுக்கு 1892, 1924 ஒப்பந்தங்கள், 2007இல் நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் திருத்தம். தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி வரவேண்டும், எந்த மாதம் எவ்வளவு என்று அட்டவணை உண்டு, அளக்க ஓரிடம் உண்டு, குறைந்தால் முறையிட ஆணையம் உண்டு. தண்ணீர் வந்து சேர்கிறதா என்பது வேறு விவகாரம். எவ்வளவு வரவேண்டும் என்பதில் மன்னார்குடி விவசாயிக்குக் குழப்பம் கிடையாது.

கடலுக்கு அப்படி ஒரு அட்டவணை கிடையாது. 1974லும் 1976லும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டின் இருபுறமும் ஒரே மீன் கூட்டம் நீந்துகிறது. அதை யார், எந்த வலையால், எந்த மாதத்தில், எத்தனை படகில் பிடிக்கலாம் என்று பாக் நீரிணைக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை. எழுதத் தெரியாததால் அல்ல. 1976ஆம் ஆண்டுக் கடிதங்களிலேயே, கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் கரை என்ற மீன்வளத் திட்டுக்கு மட்டும் கணக்காக எழுதினார்கள்: இலங்கைப் படகுகள் 6க்கு மேல் கூடாது, ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது, 3 ஆண்டு மட்டும், அதன்பின் இலங்கை கேட்டால் 5 ஆண்டுகளுக்கு இந்தியா ஆண்டுதோறும் 2,000 டன் மீன் தரும். வாட்ஜ் கரைக்குக் கிடைத்த இந்தத் துல்லியம் பாக் நீரிணைக்குக் கிடைக்கவில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம், மல்லிப்பட்டினம், காரைக்கால் படகுகளின் இன்றைய சிக்கலில் பாதி இங்கிருந்து வருகிறது.

எல்லையைப் பேசுவது ஒரு பேச்சுவார்த்தை. மீனைப் பேசுவது இன்னொன்று. முதலாவது முடிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. இரண்டாவது இன்னும் ஒழுங்காகத் தொடங்கவே இல்லை.

கரையிலிருந்து எத்தனை மைல்

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை 1994 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1994இலும் இந்தியா 1995இலும் ஏற்பளித்தன. அதன்படி கரையோர அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக்கடல். அங்கே கரை நாட்டுக்கு நிலத்தில் உள்ளதைப் போன்ற முழு அதிகாரம். 24 மைல் வரை சுங்கம், குடியேற்றம் போன்றவற்றுக்கான அடுத்த வளையம். 200 மைல் வரை பொருளாதார மண்டலம். அங்கே மீனும் எண்ணெயும் கரை நாட்டுக்குச் சொந்தம், கப்பல் போக்குவரத்து எல்லோருக்கும் பொது. அடிக்கோடு என்பது பொதுவாகத் தாழ்நீர்க் கோடு, அதாவது நீர் வற்றி நிற்கும்போது கரை முடியும் இடம். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர்.

இந்தக் கணக்கு அகன்ற கடலுக்குப் பொருந்தும். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை 30 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் தலா 12 மைல் எடுத்தால் நடுவில் ஒரு பட்டைதான் மிஞ்சும். 200 மைலுக்கு எங்கே இடம்? ஆகவே இரு நாடுகளும் இங்கே வேறொரு கருத்தைக் கையில் எடுத்தன: ‘வரலாற்று நீர்ப்பகுதி’. நெடுங்காலமாக இரு கரையாரும் தம் வசம் வைத்திருக்கும் கடல், பிறருக்குப் பொதுவானதல்ல என்ற வாதம். பாக் விரிகுடாவின் சங்குக் குளிப்பு அரசுக்கே உரியது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1904இலேயே சொல்லியிருந்தது. 1974 ஒப்பந்தத்தின் தலைப்பிலும் ‘வரலாற்று நீர்ப்பகுதி’ என்ற சொல்தான் இருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு ஒரு விலை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கடல் சட்டத்தின் 73ஆம் பிரிவு, பொருளாதார மண்டலத்தில் பிடிபட்ட அயல்நாட்டு மீன்பிடிப் படகைத் தகுந்த பிணையின்பேரில் விரைந்து விடுவிக்கச் சொல்கிறது; நாடுகளுக்கிடையே வேறு உடன்பாடு இல்லாதவரை மீனவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்கிறது. இந்தப் பாதுகாப்பு பொருளாதார மண்டலத்துக்கு மட்டுமே. 1977 ஜனவரியில் இலங்கை தன் பங்கு பாக் நீரிணை, பாக் விரிகுடா நீரை உள்நாட்டு நீராக அறிவித்துவிட்டது. எனவே கோடியக்கரைக்குத் தெற்கே கோட்டைத் தாண்டிப் பிடிபட்டவர், சட்டப்படி யாழ்ப்பாணத்துக் குளத்தில் வலை போட்டவருக்குச் சமம். ‘மீனவரைச் சிறையில் அடைப்பது சர்வதேசச் சட்ட விரோதம்’ என்ற மேடைப் பேச்சு இந்த இடத்தில் எடுபடாமல் போவது இதனால்தான்.

ஆறு புள்ளிகள்

கோட்டுக்கான பேச்சு 1974இல் தொடங்கியதல்ல. 1921 அக்டோபரில் சென்னை மாகாணமும் சிலோன் அரசும் கொழும்பில் அமர்ந்து மீன்பிடிப்புக்கென ஒரு கோட்டைப் பேசின. அது கச்சத்தீவுக்கு மேற்கே 3 மைலில் ஓடியது. அது மீன்பிடி எல்லையே தவிர நிலவுரிமை எல்லை அல்ல என்பது இந்தியத் தரப்பின் நிலை, ஏற்பளிக்கப்படவும் இல்லை. 1974இல் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஏறத்தாழ 1 மைலில் வந்து நின்றது. ஒன்றோ மூன்றோ, தீவு அந்தப் பக்கம்தான். 285 ஏக்கர், குடிநீர் இல்லை, ஒரு அந்தோணியார் கோவில்.

அந்த ஒப்பந்தம் ஜூன் 26இல் கொழும்பிலும் 28இல் புதுடெல்லியிலும் கையெழுத்தாகி, ஜூலை 8இல் நடைமுறைக்கு வந்தது. (1924ஆம் ஆண்டுக் காவிரி ஒப்பந்தத்தின் ஐம்பதாண்டு மறுபரிசீலனைக் கெடுவும் 1974தான். ஒரே ஆண்டில் டெல்டாவின் இரண்டு நீரும் கேள்விக்குறியானது.) பாக் நீரிணையிலிருந்து ஆதம் பாலம் வரை 6 புள்ளிகளைக் குறித்து அவற்றை நேர்கோடுகளால் இணைத்தார்கள். டெல்டாவுக்கு முக்கியமானவை முதல் இரண்டும் (பாகை என்பது டிகிரி, கலை அதன் அறுபதில் ஒரு பங்கு): வட அகலாங்கு 10 பாகை 05 கலை, கிழக்கு நெட்டாங்கு 80 பாகை 03 கலை; அடுத்தது 9 பாகை 57 கலை, 79 பாகை 35 கலை. இவ்விரண்டையும் இணைக்கும் கோடு கோடியக்கரைக் கலங்கரை விளக்கத்திலிருந்து மிக நெருக்கமான இடத்தில் 14, 15 கடல் மைல்தான். மல்லிப்பட்டினத்திலிருந்து இரண்டாம் புள்ளி ஏறத்தாழ 25 மைல்.

1976 மார்ச் 23 ஒப்பந்தம் கோட்டை இரு பக்கமும் நீட்டியது; தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள், வடகிழக்கே வங்காள விரிகுடாவுக்குள். வங்கக் கடலில் கோடு கரையை விட்டு விலகி விலகிப் போகிறது. நாகப்பட்டினத்திலிருந்து மிகக் கிட்டிய தூரம் சுமார் 40 கடல் மைல். நேர் கிழக்கே போனால் 80 மைல். அக்கரைப்பேட்டை லாஞ்சு, அதாவது விசைப்படகு, மணிக்கு 8 மைல் வேகத்தில் ஐந்து மணி நேரம் ஓடினால்தான் எல்லை. கோடியக்கரையிலிருந்து கிளம்பும் பைபர் படகுக்கு அது ஒன்றரை, இரண்டு மணி நேரம். நாகை மாவட்டம் என்று ஒரே பெயரில் பேசினாலும் வடக்கே இருப்பவருக்கு எல்லை ஓர் அபூர்வ ஆபத்து, தெற்கே இருப்பவருக்கு அன்றாடம்.

புள்ளி எங்கே தவறுகிறது

எல்லைப் பேச்சுக்கு அமரும் குழுவில் வெளியுறவுத் துறை, சட்ட வல்லுநர், கடல் அளவையாளர் மூவரும் கட்டாயம். அளவையாளரின் வேலை மூன்று: எந்தப் பாறை, எந்த மணல்திட்டு அடிக்கோட்டில் சேரும் என்று முடிவு செய்வது, இரு கரையிலிருந்தும் சமதூர நடுக்கோட்டை வரைவது, எந்த வரைபடத்தில், எந்த அளவுமுறையில் புள்ளிகளைக் குறிப்பது என்று உறுதிப்படுத்துவது. இரண்டாவதில்தான் பேரம் நடக்கும். நடுக்கோட்டை இங்கே கொஞ்சம் விட்டு அங்கே கொஞ்சம் எடுப்பார்கள். மூன்றாவதைச் சலிப்பான வேலை என்று தள்ளிவிட்டால் பிற்பாடு மீனவர் தலையில் விடியும்.

ஒப்பந்தப் புள்ளிகளில் பல கலையின் பத்தில் ஒரு பங்கு வரைதான் துல்லியம். அகலாங்கில் ஒரு கலை ஒரு கடல் மைல் என்பதால், பத்தில் ஒரு பங்கு 185 மீட்டர். இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அளவுமுறை அந்தப் புள்ளிகளைக் குறித்த காலத்தில் கிடையாது. பழைய வரைபடத்துக்கும் இதற்கும் சில நூறு மீட்டர் வரை தள்ளல் வரலாம். இதைவிடப் பெரிய பிழை படகிலேயே நிகழ்கிறது. ஜிபிஎஸ் கருவியில் கலையைத் தசமமாகவும் காட்டலாம், கலை-விகலையாகவும் (விகலை என்பது கலையின் அறுபதில் ஒரு பங்கு) காட்டலாம். 10 பாகை 05.50 கலை என்பதை 5 கலை 50 விகலை என்று ஒருவர் பதிந்தால் உண்மையில் அது 5 கலை 30 விகலை; 20 விகலைப் பிழை, அதாவது 600 மீட்டருக்கு மேல். எல்லைப் புள்ளிகளை ஒரு படகிலிருந்து இன்னொன்றுக்கு வாய்வழியாகச் சொல்லிப் பதியும்போது இது சர்வ சாதாரணம். எல்லைக்கு அரை மைல் முன்னாலேயே எச்சரிக்கை ஒலி வைப்பதைவிட, கருவியின் அமைப்பைத் தசமக் கலை, டபிள்யூஜிஎஸ் 84 என்று நிறுத்தி, 2 மைல் முன்னால் ஒலி வைப்பதே பத்திரம்.

அடுத்தது நீரோட்டம். கோடியக்கரையின் மீன்பிடிப் பருவம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, வாடைக் காலம். அப்போது வங்கக் கடலின் ஓட்டம் வடக்கிலிருந்து தெற்கே இறங்குகிறது. மாலையில் விட்ட, ஓட்டத்தோடு மிதந்து போகும் வழிவலையை விடியலுக்கு முன் இழுத்தால் நீரில் கிடக்கும் நேரம் ஏழெட்டு மணி. மணிக்கு ஒரு மைல் ஓட்டம் இருந்தால் வலையும் படகும் ஏழெட்டு மைல் தெற்கே போயிருக்கும். கரையிலிருந்து 8 மைலில், ‘எல்லைக்கு ஆறேழு மைல் இருக்கிறதே’ என்று விட்ட வலை விடியும்போது கோட்டின்மேல் மிதக்கும். பைபர் படகுகள் பிடிபடுவதில் ஒரு பகுதிக்கு இது உண்மையான விளக்கம்.

விசைப்படகுக்கு இதே விளக்கத்தைச் சொல்வது நேர்மையல்ல. கடலடியை வழித்து இழுக்கும் வலையான இழுவைமடி மிதப்பதில்லை, எஞ்சின் இழுத்த பக்கம் போகிறது. மீன் அந்தப் பக்கம் இருப்பதால் போகிறார்கள். அதை ஒப்புக்கொள்ளாமல் எந்தப் பேச்சும் நகராது.

கடிதத்தின் எடை

1974 ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு, கோட்டின் அவரவர் பக்கத்து நீர், தீவு, கடலடி எல்லாம் அவரவருக்கு என்றது. 5ஆம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்ரிகரும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், விசா வேண்டாம் என்றது. 6ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீரில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்றது. மரபுரிமைகள் காக்கப்பட்டன என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

1976 மார்ச் 23இல் ஒப்பந்தத்தோடு கூடவே இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் கடிதம் மாற்றிக்கொண்டனர். ஒரு நாட்டின் மீன்பிடிக் கலமும் மீனவரும் மற்ற நாட்டின் வரலாற்று நீர், ஆட்சிக்கடல், பொருளாதார மண்டலம் எதிலும் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்றது அக்கடிதம். மரபுரிமைக்கான கதவு அங்கே மூடியது. நெருக்கடி நிலைக் காலம் அது. அந்த ஆண்டு ஜனவரி 31இல் தமிழக அரசு கலைக்கப்பட்டிருந்தது. கரையோரத்தின் சார்பில் கேள்வி கேட்கச் சட்டமன்றமே இல்லை.

‘அது வெறும் கடிதம்தானே’ என்பார்கள். சர்வதேசச் சட்டத்தில் கடிதப் பரிமாற்றமும் ஒப்பந்தமே. தலைப்பு எதுவானாலும் இரு அரசும் கட்டுப்பட எண்ணினவா என்பதுதான் கேள்வி. பேச்சுவார்த்தையில் பழகியவர்கள் கடினமான விஷயத்தை முதன்மை ஒப்பந்தத்தில் வைக்காமல் இணைப்பிலோ கடிதத்திலோ வைப்பதே வழக்கம். நாடாளுமன்ற விவாதம் முதன்மை ஆவணத்தோடு நின்றுவிடும். அடுத்த முறை எந்த ஒப்பந்தம் வந்தாலும் முதலில் பிரிக்க வேண்டியது பின்னிணைப்பை.

எல்லை ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியுமா? ‘அடிப்படைச் சூழல் மாறிவிட்டது’ என்ற காரணத்தைப் பொதுவாக ஒப்பந்த முறிப்புக்குச் சொல்லலாம். ஆனால் எல்லையை வகுக்கும் ஒப்பந்தத்துக்கு அந்தக் காரணம் செல்லாது என்று 1969 வியன்னா உடன்படிக்கையின் 62ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கச்சத்தீவை மீட்கக் கோரி 2025 ஏப்ரல் 2இல் தமிழகச் சட்டமன்றம் மறுபடி தீர்மானம் நிறைவேற்றியது. அரசியலாக அதற்கு ஒரு பொருள் இருக்கலாம். மீன்பிடிக் கணக்கில் பார்த்தால், தீவு நாளையே நம் கைக்கு வந்தாலும் அதைச் சுற்றிச் சில மைல் நீர்தான் கூடும். இழுவைமடிப் படகுகள் தேடிப் போகும் இடம் அதற்கும் அப்பால், யாழ்ப்பாண, மன்னார்க் கரையை ஒட்டி. கோடியக்கரைக்காரருக்கோ கச்சத்தீவு 50 மைலுக்கு அப்பால் எங்கோ இருக்கும் ஊர்.

வழக்காடுவதிலும் உத்தரவாதம் கிடையாது. வங்கதேசத்தோடு கடல் எல்லையை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோன வழக்கில், 2014 ஜூலை தீர்ப்பு 25,602 சதுர கிலோமீட்டர் தகராறுப் பகுதியில் 19,467ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தது.

மீனைப் பேச உட்கார்ந்தபோது

1974இல் கடலில் பெரும்பாலும் பாய்மர வள்ளமும் கட்டுமரமும். இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏற ஏற இழுவைமடிப் படகுகள் பெருகின. பாக் விரிகுடா சராசரியாக 9 மீட்டர் ஆழம்தான். அடிமட்டத்தை வழிக்கும் மடிக்கு இதைவிடத் தோதான, இதைவிட எளிதில் சேதமாகும் கடல் கிடையாது. 1983 முதல் 2009 வரை இலங்கைப் போர். வடபகுதி மீனவர் கடலுக்கு இறங்கப் பெரும்பாலான காலம் தடை அல்லது கடும் கட்டுப்பாடு. அந்தக் கால் நூற்றாண்டில் அவர்கள் பக்கத்து மீன் நம் படகுகளுக்கு வழக்கமாகிப்போனது. போர் முடிந்து அவர்கள் சிறு பைபர் படகோடு வலை விரிக்கத் திரும்பியபோது, இரவோடு இரவாக மடி வந்து வலையை அறுத்துக்கொண்டு போனது. அந்த வலையின் சொந்தக்காரரும் தமிழர்தான், கடன் வாங்கித்தான் வலை வாங்கினார்.

இரு கரை மீனவரும் நேரடியாகப் பேசியது பலமுறை. 2004இல் தொடங்கி, 2010 ஆகஸ்டில் ஒரு வரைவு உருவானது: இழுவைமடியை ஓராண்டில் நிறுத்துவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாள் வரம்போடு அனுமதிப்பது. இரு அரசுகளும் அதற்கு முத்திரை குத்தவில்லை. 2014 ஜனவரியில் சென்னை, மே மாதம் கொழும்பு, 2015 மார்ச்சில் மறுபடி சென்னை. அப்போது நம் தரப்பின் கோரிக்கை 3 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 83 நாள்.

83 நாள் என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள்தான் கடல். மிச்ச 4 நாள் நாட்டுப்படகுக்கு. ஆண்டுக்கு 156 நாள். ஏப்ரல் 15 முதல் மே 29 வரையான, அன்றைய 45 நாள் தடைக்காலத்தில் அடிபடுவது 19. மிஞ்சுவது 137. அதில் 83 என்றால் கிட்டத்தட்ட ஐந்தில் மூன்று பங்கு. யாழ்ப்பாணத் தரப்பு மேசையில் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்திருக்கும். 70 நாள் ஏற்கெனவே தோற்ற இடத்தில், ஐந்தாண்டு கழித்து 83 கேட்டது பேரத் தவறு. நாள் எண்ணிக்கையைக் கூட்டிக் கேட்பதற்கு முன், படகு எண்ணிக்கையையோ மடியின் வகையையோ குறைத்துக் காட்டியிருக்க வேண்டும்.

2016 நவம்பரில் அமைச்சர்கள் கூடி ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தனர். 3 மாதத்துக்கு ஒருமுறை கூடும் என்றனர். 2016 டிசம்பர் 31இல் முதல் கூட்டம். ஆறாவது கூட்டம் 2024 அக்டோபர் 29. மூன்று மாதக் கணக்கில் அதற்குள் முப்பதைத் தாண்டியிருக்க வேண்டும். இடையில் இலங்கை சும்மா இருக்கவில்லை: 2017இல் இழுவைமடியைத் தன் நாட்டவருக்கே சட்டம் போட்டுத் தடுத்தது, 2018இல் அயல் படகுக்கான அபராதத்தைப் படகின் நீளத்துக்கேற்ப இலங்கை ரூபாயில் 50 லட்சம் முதல் 17.5 கோடி வரை உயர்த்தியது. பிடிபட்ட படகின் உரிமையாளர் நேரில் நீதிமன்றம் போய் உரிமை கோராவிட்டால் படகு அரசுடைமை. முதல் முறை பிடிபட்டவருக்கு ஒத்திவைத்த தண்டனை, மறுமுறை பிடிபட்டால் சிறை. ஓட்டுநருக்குக் கூலிக்கு வந்தவரைவிடக் கனத்த தண்டனை. ஆகவே கடலுக்குப் போகும்முன் ஒரு தொழிலாளி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, படகின் பதிவு எண் ஏற்கெனவே அங்கே வழக்கில் இருக்கிறதா என்பதையும், ஆவணத்தில் ஓட்டுநராகத் தன் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும்.

பிறர் எப்படி எழுதினார்கள்

ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூ கினியும் 1978இல் செய்த டோரஸ் நீரிணை ஒப்பந்தம் பாக் நீரிணைக்கு நெருங்கிய உறவு. அங்கும் குறுகிய நீர், இரு கரையிலும் உறவினர், கோட்டுக்கு ‘அந்தப் பக்கம்’ மாட்டிக்கொண்ட தீவுகள். அவர்கள் கடலடிக்கு ஒரு கோடும் மீனுக்கு வேறொரு கோடும் போட்டார்கள். நடுவே ஒரு பாதுகாப்பு மண்டலம்; அங்கே மரபுவழி மக்கள் கடவுச்சீட்டு இல்லாமல் போய்வந்து மரபு முறையில் மீன்பிடிக்கலாம். வணிக மீன்பிடிப்புக்குத் தனிப் பங்கீடு. ஒரே கோட்டில் எல்லாவற்றையும் கட்ட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

சீனாவும் வியட்நாமும் டோங்கின் வளைகுடாவில் 2000ஆம் ஆண்டு எல்லை ஒப்பந்தத்தையும் மீன்பிடி ஒப்பந்தத்தையும் ஒரே நாளில் கையெழுத்திட்டன; 2004இல் இரண்டும் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. கோட்டின் இருபுறமும் 30.5 கடல் மைல் பொது மீன்பிடி மண்டலம். அதற்கு ஆயுள் 12 ஆண்டு, பிறகு 3 ஆண்டு நீட்டிப்பு. கெடு வைத்திருந்ததுதான் முக்கியம்: மாறிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள், நிரந்தர உரிமையாக்கவில்லை.

‘மரபுரிமை’ வாதத்தை நம்புகிறவர்கள் படிக்க வேண்டியது எரித்திரியா-ஏமன் நடுவர் தீர்ப்பை. 1998, 1999 தீர்ப்புகள் செங்கடலின் மரபு மீனவர் இரு நாட்டு நீரிலும் போய்வந்து பிடிக்கும் வழக்கத்தைக் காத்தன. ஆனால் அந்தக் காப்பு சிறுதொழில் மீன்பிடிப்புக்கு மட்டும், ஆலை முறை மீன்பிடிப்புக்குக் கிடையாது. 2016ஆம் ஆண்டின் தென்சீனக் கடல் தீர்ப்போ, மரபுரிமை ஆட்சிக்கடலில் பிழைத்திருக்கும், பொருளாதார மண்டலத்தில் பிழைக்காது என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஆற்காட்டுத்துறை, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம் பைபர் படகுக்கும் வழிவலைக்கும் ஒரு வாதம் மிஞ்சுகிறது. இழுவைமடிக்கு மிஞ்சவில்லை. இரண்டையும் ஒரே மனுவில் கட்டினால் பலவீனமானது வலுவானதையும் சேர்த்து அமுக்கும். இதுவரை நடந்திருப்பது அதுவே.

மேசையில் என்ன வைப்பது

மீன்பிடி உடன்பாடு என்பது அட்டவணைதான். படகுப் பட்டியல் பதிவு எண், நீளம், குதிரைத்திறனோடு. அனுமதித்த வலை, கண்ணி அளவு. நுழையும் புள்ளி, வெளியேறும் புள்ளி, இரண்டிலும் வானொலியில் அறிவிக்கும் நேரம். கரையிலிருந்து எத்தனை மைலுக்குள் வரக் கூடாது. மாதம், நாள். பிடித்த மீனைத் துறையில் எடைபோட்டு இரு தரப்புக்கும் அனுப்பும் முறை. மீறினால் முதல் முறை என்ன, இரண்டாம் முறை என்ன. எத்தனை ஆண்டு, எப்போது மறுபரிசீலனை. இவற்றில் ஒன்று விட்டாலும் ஓட்டை. 2008 அக்டோபரில் இரு அரசும் ஒரு நடைமுறை ஏற்பாடு செய்தன: இந்தியப் படகுமீது சுடுவதில்லை, இலங்கை குறிக்கும் பாதுகாப்புப் பகுதிக்குள் படகு போவதில்லை, மீனவரிடம் தமிழக அரசின் அடையாள அட்டையும் பதிவும் இருக்க வேண்டும். சுருக்கமான ஏற்பாடு. ஆனால் வலையும் எடையும் அதில் இல்லாததால் மீன் சண்டைக்கு அது மருந்தாகவில்லை.

நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு: யார் பேசுவது? அரசமைப்பின்படி 12 மைலுக்குள் மீன்பிடிப்பு மாநிலத்தின் பொருள், அதற்கு அப்பால் ஒன்றியத்தின் பொருள், வெளிநாட்டு ஒப்பந்தம் முழுக்க டெல்லி. டெல்டாக் கரையின் நடுவில் காரைக்கால் புதுச்சேரி நிர்வாகம். கரையிலேயே நலன்கள் ஒன்றல்ல: அக்கரைப்பேட்டை லாஞ்சுக்கு ஒரு கணக்கு, செருதூர் பைபருக்கு ஒரு கணக்கு, மீன்கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலைக்கு இன்னொன்று. தமிழகச் சட்டப்படி விசைப்படகு கரையை ஒட்டிய நீரில் மீன்பிடிக்கக் கூடாது. அதை மீறி மடி இழுக்கும்போது புஷ்பவனத்துக்காரர் சொல்லும் புகாரும் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர் சொல்லும் புகாரும் ஒன்றேதான். ஊர்ப் பஞ்சாயத்துகள் கடலுக்குப் போகாத நாளைக் கட்டுப்பாடாக அறிவித்து ஊரையே நிறுத்தக்கூடியவை. கண்காணிப்புக்கு அதைவிட மலிவான அமைப்பு எந்த அரசிடமும் கிடையாது. எந்த வரைவிலும் அவற்றுக்கு எழுத்துப்பூர்வ இடம் தரப்படவில்லை.

இழுவைமடியிலிருந்து மாற 2017இல் ஒரு திட்டம் வந்தது. ஆழ்கடல் சூரை (டூனா) மீன்பிடிப் படகு ஒன்று 80 லட்சம்: ஒன்றிய அரசு 40, மாநிலம் 16, வங்கிக் கடன் 16, உரிமையாளர் கைப்பணம் 8. பதிலுக்குப் பழைய மடிப்படகை ஒப்படைத்து உடைக்க வேண்டும். இலக்கு 2,000 படகு. அதன் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. காரணம் மானியக் குறைவு மட்டுமல்ல. இன்று போய் நாளை திரும்பும் தொழிலாளி, இரண்டு மூன்று வாரம் கடலில் தங்கித் தூண்டில் போடப் பழகியவர் அல்ல. அதற்கேற்ற பனிக்கட்டி, குளிர் அறை, சூரைக்கு நல்ல விலை தரும் வாங்குபவர் கரையில் அமையவில்லை. பழைய படகுமீது தனியாரிடம் வாங்கிய முன்பணக் கடன் இருந்தால் அதை ஒப்படைக்கவும் முடியாது. படகை வெறுமனே விலைக்கு வாங்கி உடைத்து, கடனை நேராகக் கடன்காரரிடம் தீர்க்கும் திட்டம்தான் இங்கே நிற்கும். அது செலவானது, இலங்கை விதிக்கும் அபராதத்தோடு ஒப்பிட்டால் அவ்வளவு செலவானதும் இல்லை.

எளிதாகத் தொடங்கக்கூடிய பேச்சு ஒன்று இருக்கிறது. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மடிப்படகுகள் துறையில் கட்டிக் கிடக்கின்றன. அந்த நாட்களில் எல்லையில் மோதல் அடங்குகிறது, யாழ்ப்பாணத்து வலையும் தப்புகிறது. ஒரே விரிகுடாவுக்கு ஒரே தடைக்காலம், ஒரே கண்ணி அளவு என்று இரு அரசும் கையெழுத்திட, எல்லைக் கோட்டை ஒரு மீட்டர்கூட நகர்த்த வேண்டாம், 1974ஐத் தொடவும் வேண்டாம். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதும் 14 நள்ளிரவில் தடை முடிவதும் டெல்டாவில் அடுத்தடுத்த நாட்காட்டித் தாள்கள். முன்னதற்கு எவ்வளவு கனஅடி என்று அன்றைக்கே அறிவிப்பு வருகிறது. பின்னதில் எத்தனை படகு, எத்தனை மடி, எந்தத் திசையில் என்று பாக் நீரிணைக்காகத் துறைவாரியாக எடுக்கும் பதிவேடுதான் அடுத்த பணிக்குழுக் கூட்டத்துக்கு நம் தரப்பு கையோடு கொண்டுபோக வேண்டிய முதல் ஆவணம்.